திண்ணையில் வைத்த வம்சாவளி: இலவசத் தளங்களில் இருக்கும் குடும்ப வரலாற்றைப் பத்திரப்படுத்த முழுமையான வழிகாட்டி

2003-ல் எங்கள் குடும்ப வம்சாவளிக்கு ஓர் இணையத்தளம் தொடங்கினேன். பெரியப்பா நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் ஏழு தலைமுறைப் பெயர்களை எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து, இருந்த நாலைந்து பழைய படங்களையும் சேர்த்து, காசு வாங்காத ஒரு தளத்தில் ஏற்றினேன். ‘விருந்தினர் பக்கம்’ என்று ஒன்றையும் வைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தில் ஈப்போவிலிருந்து ஒருவர் எழுதினார்: “உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயரைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். அவர் என் பாட்டியின் அப்பா. ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர், ஊர் திரும்பவில்லை.” பெரியப்பாவிடம் அதைப் படித்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

சில ஆண்டுகளில் அந்த இலவசத் தளத்தை மூடிவிட்டார்கள். முன்னறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் அது போன இடம் நான் திறப்பதையே விட்டிருந்த பழைய மின்னஞ்சல். நோட்டு வீட்டில் இருந்ததால் பெயர்கள் தப்பின. விருந்தினர் பக்கம் போயே போய்விட்டது. ஈப்போக்காரரின் மின்னஞ்சல் அதில் மட்டும்தான் இருந்தது. எண்பது ஆண்டுகள் அறுந்து கிடந்த ஓர் உறவு ஒட்டி, மறுபடி அறுந்தது என் கவனக்குறைவால்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இலவசத் தளம் என்பது வாடகை கேட்காத திண்ணை. உட்காரலாம், நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசலாம். வீட்டுக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிட வேண்டும். அதனால் திண்ணையில் நகலை வையுங்கள், அசலை வீட்டுக்குள் வையுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் செய்வதற்கான வேலைதான்.

ஏன் மூடுகிறார்கள்?

தொண்ணூறுகளில் குடும்ப வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் போன இடங்கள் இரண்டு. ஒன்று ஜியோசிட்டீஸ். 1994-ல் தொடங்கிய அதில் பக்கங்களைப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். குடும்பம் பற்றிய பக்கங்கள் ‘ஹார்ட்லேண்ட்’ என்ற பேட்டையில் திரண்டன. 1999-ல் யாஹூ அதை 350 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடிவிட்டது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு கடைசி மாதங்களில் இரவு பகலாக இறக்கி எடுத்ததால் ஒரு பெரும்பகுதி பிழைத்தது.

இன்னொன்று ரூட்ஸ்வெப். வம்சாவளி ஆர்வலர்களே ஆர்வலர்களுக்காக நடத்திய தளம். 2000-ல் அதை ஒரு நிறுவனம் வாங்கியது. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் ஆன்செஸ்ட்ரி. இலவசப் பக்கங்கள் அப்படியே தொடர்ந்தன. ஆனால் 2017 டிசம்பரில் சுமார் 3 லட்சம் பயனர்களின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் அடங்கிய கோப்பு ஒன்று வெளியே கிடந்தது தெரியவந்து, முழுத் தளத்தையும் தற்காலிகமாக இறக்கிவிட்டார்கள். பக்கங்கள் திரும்பி வர மாதக்கணக்கானது. அமெரிக்காவில் மாவட்டம் மாவட்டமாகத் தன்னார்வலர்கள் நடத்தும் யூஎஸ்ஜென்வெப் பக்கங்கள் பலவும் அங்கேதான் இருந்தன. இலங்கைக் குடும்பங்களைச் சிங்களர், தமிழர், பறங்கியர் என்று பிரித்து எண் போட்டுத் தொகுத்த பக்கங்களும் அங்கேதான் இருந்தன. இலங்கையின் அரசியல் குடும்பங்களைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரைகள் பல அவற்றைத்தான் சான்றாகக் காட்டின. 2020 மார்ச்சில் ரூட்ஸ்வெப்பின் மின்னஞ்சல் குழுக்களும் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஆன்செஸ்ட்ரியை பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 470 கோடி டாலருக்கு வாங்கியது.

ஏஓஎல் ஹோம்டவுன் 2008-லும், குடும்பங்களுக்கென்றே நடந்த மைஃபேமிலி 2014-லும், யாஹூ குழுமங்கள் 2020-லும் மூடப்பட்டன. இதில் யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை. பழைய பக்கங்களை வைத்திருக்க ஆகும் வட்டு இடத்துக்குச் செலவு சொற்பம். பழைய நிரல்களில் ஓட்டை விழாமல் பார்ப்பது, மோசடிக்காரர்கள் இலவச முகவரிகளில் போலி வங்கிப் பக்கம் போடாமல் தடுப்பது, தனியுரிமைச் சட்டத்துக்குப் பதில் சொல்வது, இவற்றுக்குத்தான் ஆள் வேண்டும். விளம்பர வருமானம் அந்த ஆளுக்குச் சம்பளம் தரவில்லை என்றாலோ, நிறுவனம் கைமாறினாலோ, முதலில் கண்ணில் படுவது நம் திண்ணைதான்.

படி 1: என்ன எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

கணினியைத் தொடும் முன் ஒரு தாள் எடுங்கள். உங்கள் வம்சாவளி எந்தெந்தத் தளத்தில் இருக்கிறது, அதன் முழு முகவரி என்ன, எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தீர்கள், கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள் என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் லாகின் செய்து பாருங்கள். பாஸ்வேர்ட் மறந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். பதிவு மின்னஞ்சல் பழையதென்றால், தினமும் திறக்கிற மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமல் இருக்க இந்த ஒரு வேலையே பாதி காப்பு.

‘கூகுள் டிரைவில்தானே வைத்திருக்கிறேன்’ என்பவர்களும் அதைப் பட்டியலில் சேர்க்கட்டும். அதுவும் திண்ணைதான். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை 2023-ல் கூகுள் கொண்டுவந்தது. பெரியவர் ஒருவர் இறந்துபோய், அவர் கணக்கை யாரும் திறக்காமல் விட்டால், அதிலிருக்கும் படங்கள் போய்விடலாம். கூகுள் கணக்கு அமைப்புகளில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்ற வசதி இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர் இறக்கிக்கொள்ளலாம் என்று அதில் சொல்லி வைக்கலாம். ஐந்து நிமிட வேலை.

படி 2: மரத்தை வெளியே எடுங்கள்

வம்சாவளி உலகின் பொது மொழி ஜெட்காம். அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984-ல் உருவாக்கிய கோப்பு வடிவம் இது. எந்தத் தளமாக இருந்தாலும், எந்த மென்பொருளாக இருந்தாலும், ‘ஜெட்காம் ஏற்றுமதி’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமைப்புகள் பக்கத்தின் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். இல்லாத தளத்தில் புதிதாக ஒரு பெயரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

இறக்கிய கோப்பை அப்படியே ஃபோல்டரில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. நோட்பேடில் திறந்து பாருங்கள். அது வெறும் எழுத்துக் கோப்புதான். 0 என்று தொடங்கும் வரியில் ஓர் ஆளின் பதிவு ஆரம்பிக்கும். 1, 2 என்று தொடங்கும் வரிகளில் அவர் பெயர், பிறப்பு, இறப்பு, இடம் எல்லாம் வரும். உங்கள் பாட்டியின் பெயரைத் தேடிப் பாருங்கள். தமிழில் எழுதிய இடமெல்லாம் கேள்விக்குறியாக நின்றால், அந்தக் கோப்பு கெட்டுவிட்டது. பரவலாக இருக்கும் 5.5.1 வடிவத்தில், தலைப்பகுதியின் முதல் சில வரிகளுக்குள் எழுத்துக் குறியாக்கம் எது என்று ஒரு வரி சொல்லும். அது, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். ஆன்செல் என்றோ ஆஸ்கி என்றோ இருந்தால் தமிழைத் தாங்காது. ஏற்றுமதி செய்யும்போதே யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து மறுபடி எடுங்கள். 2021-ல் வந்த ஜெட்காம் 7 யூடிஎஃப்-8 தவிர வேறெதையும் ஏற்காது. தமிழ் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல செய்தி.

இன்னொரு விஷயம் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. வழக்கமான ஜெட்காம் கோப்பில் படங்கள் வராது. படம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே வரும். தளம் மூடியதும் அந்தக் குறிப்பு காற்றைச் சுட்டும். படங்களைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

நம் பெயர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்த மென்பொருள்கள் எல்லாம் குடும்பப் பெயர் என்ற கட்டத்தோடு வருகின்றன. நாம் அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாகப் போடுகிறோம். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், தாத்தாவுக்கு ஒரு குடும்பப் பெயர், அப்பாவுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று ஆகி, தானாகப் பொருத்தம் தேடும் வசதிகள் குழம்பும். நான் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, முழுப்பெயரை இயற்பெயர்க் கட்டத்தில் எழுதுகிறேன். தலைப்பெழுத்தின் விரிவைக் குறிப்பில் சேர்க்கிறேன். அப்பா யார் என்பதை இணைப்புக் கோடு சொல்லிவிடும். நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்தாலும் சரி, எல்லாப் பதிவிலும் ஒரே முறை இருக்கட்டும். மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டிய வீடுகளில் ஒரே ஆள் இரண்டு கிளைகளில் வருவார். அவருக்கு இரண்டு பதிவு போடாதீர்கள், ஒரே பதிவை இரண்டு பக்கமும் இணையுங்கள். ஏற்றுமதி செய்தபின் அப்படிப்பட்ட ஓரிருவரைத் தேடிச் சரிபார்ப்பது நல்லது.

படி 3: தளத்தையே முழுசாக இறக்குங்கள்

மரம் வேறு, தளம் வேறு. நீங்கள் எழுதிய ஊர்க் கதைகள், படத்துக்குக் கீழே போட்ட குறிப்புகள், விருந்தினர் பக்கம் எதுவும் ஜெட்காமில் வராது. இதற்கு எச்டிடிராக் என்ற இலவச மென்பொருள் போதும். 1998-லிருந்து இருக்கிறது. விண்டோஸில் நிறுவி, ஒரு பெயர் கொடுத்து, தள முகவரியை ஒட்டி, தொடங்கச் சொன்னால் பக்கம் பக்கமாக இறக்கி, இணைப்புகளையும் உங்கள் கணினிக்கு ஏற்ப மாற்றிவிடும். பழைய இலவசத் தளங்கள் மெதுவானவை. வேகத்தைக் குறைத்து வையுங்கள், இரவு முழுக்க ஓடட்டும்.

முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வைஃபையை அணையுங்கள். இறக்கிய ஃபோல்டரில் முதல் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாக அழுத்துங்கள். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் இணையத்திலிருந்து வரும் படமும் உள்ளே இருப்பதுபோல் காட்டி ஏமாற்றிவிடும். நான் முதல் தடவை இப்படித்தான் ஏமாந்தேன். விருந்தினர் பக்கம் போன்றவை வேறு நிறுவனத்தின் சேவையாக இருந்தால் எச்டிடிராக் அதை விட்டுவிடக்கூடும். அதைக் கையால் திறந்து, பிடிஎஃப் ஆக அச்சிட்டு வையுங்கள். யார் எழுதினார்கள், எந்தத் தேதி, என்ன மின்னஞ்சல் என்று தனித் தாளிலும் எழுதிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் எழுதியவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள்.

படி 4: பழைய எழுத்துருவை மாற்றுங்கள்

2005-க்கு முன்னால் தமிழில் செய்த பக்கம் என்றால் இது முக்கியம். அப்போது பாமினி, டாப், டாம், திஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துமுறை. புலம்பெயர்ந்த ஈழத்துக் குடும்பங்களின் பக்கங்களில் பாமினி நிறைய. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘அம்மா’ என்று எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான் நிற்கும். பேரப்பிள்ளைகள் பார்த்தால் ஏதோ வைரஸ் என்று அழித்துவிடுவார்கள்.

இறக்கிய பக்கங்களை, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துமுறை என்று தெரியாவிட்டால் ஒரு வரியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் தமிழ் தெளிவாக எழுந்து வரும். மாற்றியபின் ஊர்ப் பெயர்களையும், கிரந்த எழுத்து வரும் பெயர்களையும் கண்ணால் படித்துச் சரிபாருங்கள். ஆண்டுகளையும் பாருங்கள். மாற்றாத பழைய கோப்பையும் எறிந்துவிடாமல் தனியாக வையுங்கள், சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

படி 5: படங்கள்

தளத்தில் ஏற்றிய படம் அந்தக் கால டயல்-அப் வேகத்துக்காகச் சுருக்கியது. அதை அசல் என்று நினைக்க வேண்டாம். ஆல்பத்தைத் தேடி எடுத்து, 600 டிபிஐ அளவில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு குழுப்படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று பல ஆண்டு தெரியவில்லை. சட்டத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தபோது, இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரும் அத்தையின் கையெழுத்தில் இருந்தது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், பிறகு ஊர், பிறகு ஆள் என்று ஒரே வரிசையில் வையுங்கள். ‘1962 திருநெல்வேலி பாட்டி கல்யாணம்’ என்றால் எந்தப் பேரனுக்கும் புரியும். கேமரா தரும் எண்ணோடு விட்டால் உங்களுக்குப் பிறகு யாருக்கும் புரியாது.

படி 6: ஏற்றும் முன் வடிகட்டுங்கள்

புதிய இடம் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். 2003-ல் நாங்கள் எல்லாரும் பிறந்த தேதி, தொலைபேசி எண், வீட்டு முகவரி என்று அள்ளிப் போட்டோம். இன்று வங்கி கேட்கும் பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. நான் வைத்திருக்கும் விதி இது: இறந்த தேதி தெரியாமல், பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர் எல்லாரும் உயிரோடு இருப்பதாகவே கணக்கு. அவர்களுடைய விவரம் பொதுப்பக்கத்தில் வராது. வீட்டுப் பிரதியில் எல்லாம் இருக்கும்.

தத்து எடுத்த பிள்ளை, இரண்டாம் கல்யாணம், சாதி விட்டுக் கட்டியதால் ஒதுக்கி வைத்தவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் உண்டு. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் அவற்றைப் பொதுவில் போடாதீர்கள். அதற்காக அவர்களை மரத்திலிருந்து வெட்டவும் கூடாது. ஒதுக்கப்பட்டவரை வம்சாவளியிலும் ஒதுக்கினால், நாம் எழுதுவது வரலாறாக இருக்காது.

படி 7: புதிய இடம்

மூன்று வழி இருக்கிறது. எனக்கு எது பிடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வழி, எல்லாரும் சேர்ந்து வளர்க்கும் ஒரே மரம். ஃபேமிலிசெர்ச்சும் விக்கிட்ரீயும் இலவசம். ஃபேமிலிசெர்ச்சை நடத்துவது ஜெட்காமை உருவாக்கிய அதே மார்மன் திருச்சபை. அவர்களுடைய வம்சாவளிச் சங்கம் 1894-ல் தொடங்கியது, 1938-லிருந்து உலகமெங்கும் ஆவணங்களை மைக்ரோஃபிலிம் எடுத்து மலைக்குள் குடைந்த பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். நிலைத்திருக்கும் வாய்ப்பு என்று பார்த்தால் இதைவிடப் பெரிய ஆலமரம் இந்தத் துறையில் கிடையாது. ஆனால் மூன்று விஷயம் தெரிந்து கொண்டு போங்கள். இறந்தவர்களின் பதிவை அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அங்கே கட்டிய மரத்தை நேரடியாக ஜெட்காமாக வெளியே எடுக்க முடியாது, அதனோடு இணையும் வேறு மென்பொருள் வேண்டும். திருச்சபை இதை நடத்துவதற்குக் காரணம், முன்னோர்களுக்காகச் செய்யும் அவர்களது சமயச் சடங்கு. இதில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சங்கடம் இருக்குமா என்று கேட்டுவிடுங்கள். மற்றவர் திருத்தாமல் இருக்க வேண்டுமானால், அதே தளத்தின் ‘ஜீனியாலஜீஸ்’ பகுதியில் ஜெட்காம் கோப்பை அப்படியே ஏற்றி வைக்கலாம்.

இரண்டாவது வழிதான் நான் போனது: நிரல் எதுவும் ஓடாத நிலைப்பக்கங்களாகத் தளம் செய்வது. கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஜெட்காமை உள்ளே கொண்டு வாருங்கள். தமிழ்ப் பெயர்கள் சிக்கலில்லாமல் வரும். அதன் அறிக்கைகள் பகுதியில் வலைப்பக்கம் உருவாக்கும் வசதி இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம், படம், ஊர்ப் பட்டியல் எல்லாம் தானாகச் செய்து ஒரு ஃபோல்டரில் கொடுத்துவிடும். உயிரோடு இருப்பவர்களை மறைக்கவும் அங்கேயே தேர்வு செய்யலாம். அந்த ஃபோல்டர்தான் உங்கள் தளம். பென் டிரைவில் போட்டுத் தங்கைக்குக் கொடுத்தால் அவள் கணினியிலும் திறக்கும். உடைவதற்கு உள்ளே தரவுத்தளமோ பாஸ்வேர்டோ கிடையாது.

இதை ஏற்ற கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நியோசிட்டீஸ் என்று இலவச இடங்கள் இன்றைக்கு இருக்கின்றன. கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். உலாவி வழியாக ஒரு தடவைக்கு நூறு கோப்புதான் ஏற்ற முடியும். கிராம்ப்ஸ் ஆயிரக்கணக்கில் கோப்பு செய்யும், அதனால் கிட்ஹப் டெஸ்க்டாப் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசக் கணக்கில் அந்தக் கோப்புகள் எல்லாம் உலகத்துக்கே தெரியும். மறைக்காத ஜெட்காம் கோப்பைத் தவறியும் அங்கே போடாதீர்கள். கிளவுட்ஃப்ளேரில் இலவசத் திட்டத்துக்கு 20,000 கோப்பு வரம்பு. இவையும் திண்ணைகள்தான், கிட்ஹப்பே 2018-ல் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியது. ஆனால் ஃபோல்டர் வீட்டில் இருப்பதால், ஒரு திண்ணை போனால் அடுத்த திண்ணைக்கு ஒரே மாலையில் மாறிவிடலாம்.

மூன்றாவது, கட்டண ஹோஸ்டிங், அதாவது தளம் வைக்க வாடகை இடம் வாங்கி, வெப்ட்ரீஸ் போன்ற வம்சாவளி நிரலை நிறுவுவது. சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு லாகின் செய்து அவரவர் கிளையைச் சேர்க்கலாம். அருமையான நிரல்தான். ஆனால் அதைத் தொடர்ந்து புதுப்பிக்கவும் பாதுகாக்கவும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் வேண்டாம்.

எந்த வழியானாலும் சொந்த டொமைன், அதாவது உங்களுக்கே உரிய தள முகவரி ஒன்றை வாங்குங்கள். டாட் காம் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய். திண்ணை மாறினாலும் முகவரி மாறாது, அதற்காகத்தான் இந்தச் செலவு. ரூட்ஸ்வெப் முகவரிகள் மாறியபோது உடைந்த இணைப்புகளை நினைத்துப் பாருங்கள். ஒரே தடவையில் பத்தாண்டு வரை கட்டலாம். கட்டணத்தை மறந்தால் அந்தப் பெயரை வேறு யாராவது வாங்கி, உங்கள் பாட்டி பெயர் இருந்த பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள். அதனால் இரண்டு பேருடைய காலண்டரில் தேதி குறித்து வையுங்கள்.

படி 8: பழைய வாசலில் விலாசம் எழுதுங்கள்

பழைய தளம் இன்னும் திறக்கிறதென்றால் அதன் முதல் பக்கத்தில் ‘இந்தப் பக்கம் இடம் மாறிவிட்டது’ என்று புது முகவரியைப் போடுங்கள். பழையதை அழிக்க வேண்டாம், தானாகப் போகும்வரை இருக்கட்டும். பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினுக்குப் போய், ‘பக்கத்தைச் சேமி’ என்ற கட்டத்தில் பழைய முகவரி, புது முகவரி இரண்டையும் கொடுங்கள். கணக்குத் தொடங்கி உள்ளே போனால், அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் இணைப்புகளையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லலாம். ஏற்கெனவே தளத்தை இழந்தவர்களும் அங்கேதான் தேட வேண்டும். பழைய முகவரியை எழுத்துக்கு எழுத்துச் சரியாகக் கொடுத்தால் காலண்டர் போல ஆண்டுகளைக் காட்டும். எனக்கு அதில் முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. 2024 அக்டோபரில் அந்த ஆவணக் காப்பகமே தாக்குதலுக்கு உள்ளாகி நாள்கணக்கில் முடங்கியது. இன்னொரு நகல் என்ற அளவில் அதை நம்புங்கள்.

படி 9: காகிதம்

எல்லாவற்றையும் கணினியில் வைத்தபின் ஒரு பிரதியை அச்சிடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தொன்றாம் நாளில் நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கல்வெட்டு என்றே அதைச் சொல்வார்கள். பாட்டுகளோடு வம்சாவளியும் அதில் பெரும்பாலும் இருக்கும். 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற ஈழத்து மின்னூலகம் இப்படிப்பட்ட நினைவு மலர்களையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. போரில் வீடு வாசல் இழந்த குடும்பங்களுக்கு, யாரோ தூரத்து உறவினர் பெட்டியில் கிடந்த இருபது பக்கப் புத்தகம் தாத்தாவின் அப்பா பெயரைச் சொல்லிவிடுகிறது. ஈழத்து வேர் இருப்பவர்கள் முதலில் அங்கே தேடுங்கள், கையில் மலர் இருந்தால் அவர்களுக்குக் கொடுங்கள்.

நான் ஸ்பைரல் பைண்டிங் செய்து ஏழு பிரதி போட்டேன். ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று. கடைசியில் பத்து வெள்ளைப் பக்கம் விட்டிருக்கிறேன். கணினி பக்கமே வராத சித்தி, தன் பேத்திகளின் பெயர்களை அதில் நீல மையில் எழுதி அனுப்பினார்.

கணினிப் பிரதிகள் மூன்று: மேசைக் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று. வெள்ளமோ திருட்டோ ஒரு வீட்டோடு போக வேண்டும். பென் டிரைவை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போடாதீர்கள், கெட்டுப்போகும்.

படி 10: ஆண்டுக்கு ஒருநாள், ஓர் ஆள்

இதற்கு நான் வைத்திருக்கும் நாள் ஆடி அமாவாசை. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறை பெயர் சொல்வோம். அதற்கு மேலே இருப்பவர்களுக்காக மத்தியானம் கணினி முன்னால் உட்காருகிறேன். ஹார்ட் டிஸ்க் திறக்கிறதா, ஏதாவது பத்துக் கோப்பு திறக்கிறதா, டொமைன் எத்தனை நாள் பாக்கி, தளத்தில் லாகின் ஆகிறதா, அந்த ஆண்டு பிறந்தவர், இறந்தவர் பெயர் சேர்ந்ததா என்று பார்க்கிறேன். முடித்ததும் புதிய ஜெட்காம் கோப்பு ஒன்றை அந்த ஆண்டின் பெயரோடு சேமித்து மூன்று இடத்துக்கும் அனுப்புகிறேன்.

எனக்குப் பிறகு பார்க்க ஆள் வேண்டுமே என்று அக்கா மகளைக் கேட்டேன். பாஸ்வேர்டுகள், டொமைன் எங்கே வாங்கியது, ஃபோல்டர் எங்கே இருக்கிறது எல்லாம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, நகைப் பெட்டியோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன ஆடி அமாவாசைக்கு அவள்தான் உட்கார்ந்தாள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயருக்குக் கீழே இப்போது வெறுமையாக இல்லை. ‘ஈப்போ, மலேசியா. ஒரு மகள். அந்த மகளின் பேரன் 2005-ல் எங்களுக்கு எழுதினார்’ என்று நினைவிலிருந்து எழுதியிருந்தேன். அவள் அதற்குக் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் மின்னஞ்சலைச் சேர்த்து, தயவுசெய்து மறுபடி எழுதுங்கள் என்று போட்டிருக்கிறாள்.